சாணக்யபுரியில் ஒரு சரக்குக் கணக்கு

ஊரிலிருந்து உறவினர் வந்தால், செங்கோட்டையையும் குதுப்மினாரையும் காட்டிய பின்னர் நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் சாணக்யபுரியும் ஒன்று. நாடு விடுதலை பெற்றபின், 1950-களில், அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென்றே வகுக்கப்பட்ட பகுதி இது. எட்வர்டு டுரெல் ஸ்டோன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த அமெரிக்கத் தூதரகம் 1959-ல் இங்கே திறக்கப்பட்டது. நடுவே அகன்று நீண்ட சாந்திபத். அதனை ஒட்டியும் சூழ்ந்தும் நியாய மார்க்கம், நீதி மார்க்கம், சத்திய மார்க்கம், வினய மார்க்கம். இத்தனை நற்குணங்கள் ஒரே வட்டாரத்தில் குடியிருப்பதை வேறெங்கும் காண இயலாது. கௌடில்ய மார்க்கம் என்றால் தமிழ்நாடு இல்லத்துக்குப் போகும் வழி என்று நம்மவர் அனைவரும் அறிவர். அந்தக் கௌடில்யரும் இந்தச் சாணக்கியரும் ஒருவரே என்பதைக் குழந்தைகளுக்கு யாரேனும் சொல்லிவைத்தால் நல்லது.

வெட்டிச் சீராக்கிய புல்வெளிகளும் கொடிக்கம்பங்களும் நிறைந்த இந்தப் பகுதியில், இரும்பும் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஓரிடம் இருக்கிறது. அதுதான் தேசிய ரயில் பொருட்காட்சிச்சாலை. 1971-ல் கால்கோள் செய்யப்பட்டு, 1977 பிப்ரவரி முதல் தேதியன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழப் பதினோர் ஏக்கர் நிலத்தில், வெட்டவெளியில் தண்டவாளங்கள் இட்டு, அவற்றின்மேல் பழைய எஞ்சின்களையும் வண்டிகளையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலியின் அப்பாலேயே தில்லியின் வட்ட ரயில் பாதை செல்கிறது. ஓய்வு பெற்ற எஞ்சின்கள், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றன.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் குடும்பத்துடன் இங்கே சென்றிருந்தோம். உடன் வந்தவர் நம் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்; கும்பகோணத்துக்காரர். ரயில்வேயின் கணக்கு இலாகாவில் ஸ்டாக் வெரிபையராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். மெட்ரிகுலேஷன் மட்டும் தேறி, குமாஸ்தாவாகத் தில்லிக்கு வந்து சேர்ந்த நமக்கு, அவருடன் பண்டகசாலைகளுக்குச் சென்று பட்டியல் எழுதும் வேலைதான் முதலில் கிடைத்தது. அவரைப் பொருட்காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்வது, சமையற்காரரைக் கல்யாணப் பந்திக்கு அழைத்துச் செல்வது போன்றது. நம் மனைவியும் மக்களும் எஞ்சின்களின் அழகைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். பெரியவர் எண்ணிக்கொண்டு நடந்தார்.

முதல் எஞ்சினின் அருகிலேயே நின்றுவிட்டார். “தம்பி, இதை ஒன்று என்று எழுதுவாயா, இரண்டு என்று எழுதுவாயா?” என்றார். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டர் இணைந்திருந்தது. இரண்டையும் கழற்றலாம், வேறொன்றுடன் பூட்டலாம். ஒன்று என்று எழுதி, பின்னொரு நாள் டெண்டர் மட்டும் பழுதுபார்க்கப் போய்விட்டால், ஏட்டில் குறைவு தெரியாது. பொருள் மட்டும் இராது. “எண்ணுவதற்கு முன் எது ஒன்று என்பதை முடிவு செய்துகொள்” என்று அவர் நமக்கு முதன்முதலாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

இந்த உத்தியோகத்தைப் பற்றி அறியாத அன்பர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். ரயில்வேயில் ஊசி முதல் எஞ்சின் உதிரி உறுப்பு வரை ஒவ்வொரு பொருளுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது அதில் இருக்கும். அந்த மீதிக்கு ஏட்டு இருப்பு என்று பெயர். பண்டகசாலையில் உண்மையாகவே கிடக்கும் பொருளுக்குத் தரை இருப்பு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்திலேயே ‘கிரவுண்டு பாலன்ஸ்’ என்று வைத்துவிட்டார்கள், பொருத்தமான பெயர்தான். ஏனெனில் பெரும்பாலும் தரையில் குனிந்து, சில வேளைகளில் படுத்தே பார்க்க வேண்டியிருக்கும். சோதனைக்கு வருபவர் முதலில் தரையில் உள்ளதை எண்ணி எழுதி, பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்கிய பிறகே ஏட்டைப் பார்ப்பது நல்ல முறை. முதலில் ஏட்டைப் பார்த்தவனுக்குக் கண், அந்த எண்ணையே தேடும். இரண்டுக்கும் வேற்றுமை இருந்தால் ஸ்டாக் ஷீட் என்ற தாளில் மிகுதியென்றோ குறைவென்றோ ஏறும். மிகுதியும் குற்றந்தான். அதிகமாக இருக்கிறதே என்று மகிழ்ச்சியடையும் பண்டகக் காப்பாளர் புதியவராக இருப்பார்.

எண்ணுதல் என்றதும் எளிது என்று தோன்றும். நாற்காலிகளை எண்ணலாம். நிலக்கரிக் குவியலை எப்படி எண்ணுவது? அதனைச் சீரான மேடாக அடுக்கச் செய்து, நீளம் அகலம் உயரம் அளந்து, கன அளவிலிருந்து எடையைக் கணக்கிடுவார்கள். புல்லில் புதைந்து கிடக்கும் தண்டவாளங்களைத் தூக்கி நிறுக்க முடியாது. நாடாவால் நீளத்தை அளந்தால் போதும். மீட்டருக்கு அறுபது கிலோ ரகம் எனின், 13 மீட்டர்த் துண்டு ஒன்று 780 கிலோ. ஐம்பத்திரண்டு கிலோ ரகம் எனின் 676 கிலோ. ஆகவே எந்த ரகம் என்று பார்க்காமல் துண்டுகளை மட்டும் எண்ணியவர், ஒவ்வொரு துண்டுக்கும் நூறு கிலோவுக்கு மேல் பிழை செய்வார். எண்ணெய்த் தொட்டியில் அளவுக்கோல் விட்டுப் பார்க்க வேண்டும்; மே மாதத்து மத்தியானம் அளந்தால் எண்ணெய் விரிந்து கூடுதலாகக் காட்டும். சிமெண்டு மூட்டைகளை எண்ணிக்கை சரியென்று எழுதிவிடலாம். கையால் அழுத்திப் பார்த்தால் பாதி கல்லாகியிருக்கும். அது பொருளா, பொருளின் நினைவா?

இடங்களோ சொல்லத் தரமல்ல. மருத்துவமனைப் பண்டகம், ரன்னிங் ரூம் சமையலறை, படுக்கை விரிப்புகள் துவைக்கப்படும் சலவைக் கொட்டகை என்று பெரியவருடன் நாம் போகாத இடமில்லை. சலவைக் கொட்டகைதான் யாவற்றிலும் கடினம். எண்ணுவதற்குள் ஒரு வண்டி விரிப்பு உள்ளே வரும், ஒரு வண்டி வெளியே போகும். ஈரமாக ஒரு பகுதி, கொடியில் ஒரு பகுதி, ஓடும் ரயிலில் பயணிகளின் மேல் ஒரு பகுதி. பெரியவர் அங்கே போனால் முதலில் கதவருகில் ஒரு பெஞ்சில் அமர்ந்துகொள்வார். அந்த நேரத்துக்குப் பின் நுழைவதும் போவதும் தனித்தாளில் ஏறினால் தவிர, உள்ளே எண்ணுவது வீண் என்பது அவர் கொள்கை. ஒரு முறை மீன்தட்டுப் போல்ட்டுகள் நிறைந்த தொட்டியில் நாம் கைவிட்டபோது பாம்புச் சட்டை ஒன்று முழுதாக வந்தது. அன்று முதல் நாம் கையில் ஒரு கழி இல்லாமல் எந்தப் பண்டகசாலையிலும் நுழைவதில்லை.

பொருட்காட்சிச்சாலைக்கு மீள்வோம். இங்குள்ள காட்சிப் பொருள்களுள் பெரியவரை மிகவும் கவர்ந்தது பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயில். சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தின்மேல் ஓடும். வண்டி சாயாமலிருக்க ஒரு பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று சாலையிலேயே உருளும். 1907-ல் பாட்டியாலா சமஸ்தானத்தில் கர்னல் பவுல்ஸ் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் தொடங்கியது. முதலில் கோவேறு கழுதைகளும் மாடுகளும் இழுத்தன. பிறகு ஜெர்மனியின் ஓரன்ஸ்டீன் கோப்பல் கம்பெனியிடமிருந்து எஞ்சின்கள் வந்தன. 1927-ல் வண்டி நின்றுவிட்டது. நின்ற வண்டியை எல்லோரும் மறந்தார்கள். 1962-ல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேய ரயில் ஆர்வலர் பாட்டியாலாவில் பழைய இரும்புகளுக்கிடையில் அதனைக் கண்டுபிடித்தார். அமிர்தசரஸ் ரயில்வே தொழிற்சாலையில் செப்பனிட்டு, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பையாகக் கிடந்த பொருள், பார்க்கத் தெரிந்த ஒருவர் வந்தபின் பொக்கிஷமாயிற்று. “பழைய இரும்பு, இத்தனை டன் என்று எடை போட்டு ஏலத்தில் விட்டிருந்தால் கணக்கு மிகச் சரியாக இருந்திருக்கும்” என்றார் பெரியவர். கணக்கர் வாயிலிருந்து கணக்கைக் குறைத்துப் பேசும் சொல் வருவது அபூர்வம்.

இதற்கு எதிரான கதை ‘பேரி குவீன்’ எஞ்சினுடையது. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் ஓடி, 1909-ல் ஓய்வு பெற்றது. ஹௌரா நிலையத்தில் பல்லாண்டு காட்சிப் பொருளாக நின்று, 1943-ல் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, பின்னர் சாணக்யபுரிக்கு வந்து சேர்ந்தது. 1997-ல் நம் பெரம்பூர் எஞ்சின் தொழிற்சாலைத் தமிழர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள். நூற்று நாற்பது வயதைக் கடந்த எஞ்சின் தில்லிக்கும் அல்வாருக்கும் இடையே உல்லாசப் பயணிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. உலகத்திலேயே ஓட்டத்திலுள்ள மிகப் பழைய எஞ்சின் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. இத்தனை புகழ் பெற்ற எஞ்சினிலிருந்து பல உறுப்புகள் திருட்டுப் போயின என்று 2011-ல் செய்தி வந்தபோது ரயில்வேக்காரர்கள் தலைகுனிந்தோம். மறுபடியும் பெரம்பூருக்கே அனுப்பிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. பித்தளையும் வெண்கலமும் கள்வனுக்கு எடைக்கு எடை காசு. அவனுக்கு 1855 தெரியாது. எஞ்சின் ஒன்று என்று ஆண்டுதோறும் எழுதுவது மெய்யே. ஒன்று என்பதற்குள் எத்தனை உறுப்புகள் என்ற பட்டியல் இருந்து, அதை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கிப் பார்த்தால்தான் அந்த ஒன்று, ஒன்றாக நிற்கும்.

பொருள் பெரிதென்றால் காணாமற்போகாது என்றும் எண்ண வேண்டாம். இந்தியத் தொல்லியல் இலாகாவின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அலுவலகத்தார் நேரில் சென்று பார்த்து, 2013-ல் அறிக்கை வெளியிட்டார்கள். சென்று பார்த்தவை 1,655. அவற்றுள் 92 சின்னங்கள் இடத்தில் இல்லை. கல்லறையும் கோபுரமுங்கூடத் தரை இருப்பில் குறையும் என்பதை அன்று தேசம் அறிந்தது.

இனி, நாம் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டில் ஒரு பழைய ரயில்வே பண்டகசாலைக்குப் பெரியவருடன் நாம் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். பொறுப்பாளர் திருநெல்வேலிச் சீமைக்காரர். அங்கிருந்த நம்மவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. அந்த மாதம் முடிந்தால் அவருக்கு ஓய்வு. இடையில் இருபது நாட்களே இருந்தன. முந்தைய சோதனையில் அவர் பெயரில் ஒரு குறைவு ஏறியிருந்தது. பெரிய வெண்கல புஷ் ஏட்டில் 340, தரையில் 212, குறைவு 128. அதே தாளில் சிறிய வெண்கல புஷ் ஏட்டில் 95, தரையில் 219; மிகுதி 124. ஒன்றின் மிகுதியை மற்றொன்றின் குறைவுக்கு ஈடாகக் கழிக்கத் தக்க நிரூபணம் வேண்டும்; மேலதிகாரி ஏற்க வேண்டும். வெண்கலத்தின் விலை அன்பர்கள் அறிந்ததே. குறைவு தீராவிட்டால் அண்ணாச்சியின் பணிக்கொடையிலிருந்து பெருந்தொகை நிறுத்தப்படும். ஊரில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு சுவர் எழும்பித் தளம் போடாமல் நின்றது. மழைக்கு முன் தளம் போட வேண்டும் என்று அவர் மனைவி நாள்தோறும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பண்டகசாலையை வருணிக்கச் சொற்கள் போதா. நீராவி எஞ்சின் காலத்துத் தகரக் கொட்டகை. அகலப் பாதையில் நீராவி ஓட்டம் 1995-ல் முடிந்தது. 1992 முதல் குறுகிய பாதைகளும் அகலப்படுத்தப்பட்டு வந்தன. அந்தந்தக் காலத்து உதிரி உறுப்புகள், ‘இனி உதவாது’ என்று கழிக்கவும் படாமல், கேட்பாரும் இன்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அங்கே கிடந்தன. கூரை ஒழுகித் தொட்டிகளின் அடையாளச் சீட்டுகள் நனைந்து மை கரைந்திருந்தது. நனையாத சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. பெயிண்டு டப்பாக்களுக்கிடையில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அண்ணாச்சி சோம்பேறி அல்லர். ஐந்து ஆட்கள் இருந்த இடத்தில் ஒருவர் மட்டும் எஞ்சியிருந்தார். அவருக்கும் முழங்கால் வலி.

பெரியவர் முதல் நாள் எதையும் எண்ணவில்லை. தேநீர் அருந்திவிட்டு, வெளிச்சம் உள்ளே வரும்படி பழைய ஜன்னல் ஒன்றைத் திறக்கச் செய்தார். பிறகு இரண்டு தொட்டிகளிலிருந்தும் ஒவ்வொரு புஷ் எடுத்துவரச் சொன்னார். கரிய கிரீஸ் அரை அங்குலம் அப்பியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மண்ணெண்ணெயில் நனைத்த வேஸ்ட் பஞ்சால் துடைத்து, காலிப்பர் வைத்து அளந்தார். துடைத்த பின்னும் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை. கருவியில் மூன்று மில்லிமீட்டர் தெரிந்தது.

“அண்ணாச்சி, சென்ற முறை வந்தவர்கள் துடைத்துப் பார்த்தார்களா?”

“தொட்டிச் சீட்டைப் பார்த்து எண்ணினாங்க, சார். வெயில் அதிகம். மூணு மணிக்கு ரயில் இருந்துது.”

அடுத்த இரண்டு நாட்களும் நாமும், முழங்கால் வலிக்காரரும், அண்ணாச்சியும் அமர்ந்து ஒவ்வொரு புஷ்ஷாகத் துடைத்தோம். பெரியவர் அளந்தார். பெரிதை வலப்புறமும் சிறிதை இடப்புறமும் வைத்தார். 431 வெண்கல வளையங்கள். மே மாதத்து வடநாட்டுக் காற்று அடுப்பிலிருந்து வருவது போல் வீசிற்று. கிரீஸ் நகக்கண்ணில் புகுந்து ஒரு மாதம் போகவில்லை. வீட்டில் நம் மனைவி சாதம் பிசைய விடாமல் ஸ்பூன் கொடுத்தாள். இரண்டாம் நாள் மாலையில் சிறியவை 95 என்று முடிந்தன. ஏட்டில் இருந்ததும் 95. பெரியவை 336. யாரோ, என்றோ, புதிதாக வந்த ஒரு சுமைப் பெரிய புஷ்களைச் சிறியவற்றின் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். சீட்டு சீட்டாகவே இருந்தது, பொருள் மாறிவிட்டது.

இன்னும் நான்கு குறைந்தன. கொட்டகை முழுவதும் தேடினோம். பெரியவர் அண்ணாச்சியின் மேஜையருகே வந்து, கோப்புகள் காற்றில் பறக்காமல் பல ஆண்டுகளாகக் காத்துவந்த வட்டமான பளுவைக் கையில் எடுத்தார். கைபட்டுக் கைபட்டு அது மட்டும் பொன்போல் மின்னிற்று. காலிப்பர் வைத்தார், பெரியதே. 337. அண்ணாச்சி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்.

“மூன்றுதானே, சார், பழைய சரக்கு” என்று நாம் மெல்லச் சொன்னோம். ஒரு சொல் எழுதினால் முடிகிற காரியம். இடிந்த சுவருக்கடியில் கிடப்பதாக எழுதினாலும் கேட்பவர் இல்லை. பெரியவர் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னவர் அண்ணாச்சிதான். “மூணுன்னு எழுதுங்க, தம்பி. நூத்தி இருபத்தெட்டுன்னு எழுதினப்போ நான் திருடன், மூணுன்னா நான் பண்டகசாலைக்காரன்” என்றார். அப்படியே எழுதினோம். ஒவ்வொரு புஷ்ஷின் அளவும் குறித்த பட்டியல் இணைப்பாகப் போயிற்று. மூன்றின் விலை அவர் கணக்கில் பிடிக்கப்பட்டது. பணிக்கொடையின் மற்றத் தொகை, ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் கைக்கு வந்தது. தளம் மழைக்கு முன் போட முடியவில்லை. தை மாதம் போட்டதாகக் கடிதம் எழுதினார்.

இதைப் பேசிக்கொண்டே ரயில் பொருட்காட்சிச்சாலையில் ஒரு மரத்தடியில் கட்டுச்சோறு பிரித்தோம். பேச்சு சாணக்கியரிடம் திரும்பியது. அவருடைய அர்த்தசாஸ்திரத்தில் அரசாங்கப் பணத்தையும் பொருளையும் உத்தியோகஸ்தர் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணி வைத்திருக்கிறார். கணக்கர்கள் ஆஷாட மாதத்தில் முத்திரையிட்ட ஏடுகளுடனும் மீதியுடனும் தலைநகருக்கு வர வேண்டும்; வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால் ஒருவர் கணக்கைப் பார்த்து மற்றவர் சரிசெய்துகொள்வார் அல்லவா? பண்டகசாலைப் பொருளில் பாதியைப் பஞ்ச காலத்துக்கென ஒதுக்கி, பழையதை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும் என்கிறார். குற்றினால் நெல் எவ்வளவு குறையும் என்பதையும் எழுதியிருக்கிறார். இயற்கையான குறைவு எது, களவினால் ஆன குறைவு எது என்று பிரிக்கத் தெரிந்தவரே இத்தொழிலுக்கு ஆசிரியர்.

இந்த நூல் கிடைத்த வரலாறும் ஒரு சரக்குக் கணக்கின் வரலாறே. பல நூற்றாண்டுகளாக நூலின் பெயரும் புகழும் இருந்தன, நூல் இல்லை. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர், கிரந்த எழுத்தில் எழுதிய ஓலைச் சுவடி ஒன்றை மைசூர் அரசாங்கக் கீழ்த்திசை நூல்நிலையத்தில் ஒப்படைத்தார். 1905-ல் அங்கே நூலகராயிருந்த ஆர். சாமசாஸ்திரியார், அது இன்னதென்று கண்டறிந்தார். 1909-ல் அச்சில் கொண்டுவந்தார்; 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியாயிற்று. அவர் அந்தச் சுவடியைப் பிரித்துப் பாராமல், ‘ஓலைச் சுவடி, ஒன்று’ என்று எழுதிக் கட்டி வைத்திருந்தால், இந்தத் தூதரகப் பேட்டைக்குச் சாணக்யபுரி என்று பெயர் வைக்கும் எண்ணம் யாருக்காவது தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

பெரியவர் கும்பகோணத்துக்காரர் ஆதலால் தஞ்சையைச் சொன்னவுடன் பெரிய கோயிலுக்குப் போய்விட்டார். இராசராசன் கோயிலுக்குக் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற பெயருடைய எடைக்கல். மணிகள் இழைத்த நகைகளுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்ற பெயருடைய கல். எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதே பட்டியலில் இருக்கிறது. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து என்று தரம் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். நகையில் கோத்த சரடும் ஒட்டிய அரக்கும் சேர்ந்த எடை இது என்றும் வெட்டியிருக்கிறார்கள். அரக்கைப் பிரித்தால் நகை கெடும். பிரிக்காமல் நிறுத்தால் பொன்னின் எடை தெரியாது. ஆகவே இரண்டும் சேர்ந்தது என்று உள்ளபடியே எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கரிடம் கிரீஸ் அப்பிய புஷ் ஒன்றைக் கொடுத்தாலும் திகைத்திருக்க மாட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஸ்டாக் ஷீட்டை எவரும் மாற்றி எழுத முடியவில்லை, கரையானும் தின்னவில்லை.

நம் மனைவி இடையே புகுந்து, “பாத்திரத்தில் பெயர் வெட்டுவதும் இதுதானே?” என்றாள். சரியான பேச்சு. சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயரும் தேதியும் வெட்டி அனுப்புகிறார்கள். நம்மைப் போல் மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களில், லாரியிலிருந்து இறங்கும்போது எவருடைய அண்டா எவருடைய வீட்டுக்குப் போயிற்று என்ற வழக்கை அந்த நாலு எழுத்துகளே தீர்த்து வைக்கின்றன. ரயில்வே தன் விரிப்புகளில் முத்திரை குத்துவதும் அதற்காகவே. ஆயினும் முத்திரை குத்திய விரிப்புகள் சில வீடுகளில் கொடியில் உலர்வதை நாம் கண்டிருக்கிறோம். அதைப் பற்றி மேலே எழுதாமல் விடுகிறோம்.

உணவுக்குப் பின் உள்ளரங்கத்தைப் பார்த்தோம். அங்கே ஒரு யானையின் மண்டை ஓடு இருக்கிறது. 1894-ல் ஓடும் ரயிலை எதிர்த்து மோதி உயிர்விட்ட யானையாம். இதனை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நாம் கேட்டோம். எஞ்சின் அன்று, வண்டி அன்று, மேஜை நாற்காலி அன்று, கருவியும் அன்று. பெரியவர் நெடுநேரம் பார்த்து நின்றார். “தந்தம் உண்டா என்று முதலில் எழுது” என்றார். பிறகு வெளியே வந்து, 1914-ல் செய்த ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டியையும், 1875-ஆம் ஆண்டின் வேல்ஸ் இளவரசர் சலூனையும், 1899-ஆம் ஆண்டின் மைசூர் மகாராஜா சலூனையும் குழந்தைகளுக்குக் காட்டினார். மகாராஜாவின் சலூனைக் கண்ணாடி வழியாகப் பார்த்த நம் இளைய மகள், உள்ளே எத்தனை விளக்குகள் என்று தானாகவே எண்ணத் தொடங்கினாள். பெரியவருக்கு அன்று முழுவதும் அதே மகிழ்ச்சி.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. நியாய மார்க்கமும் சாந்திபத்தும் சேரும் பக்கமாகச் சென்று, பூட்டான் தூதரகத்தின் பின்புறம் என்று கேட்டால் எவரும் வழி சொல்வர். வட்ட ரயிலில் வருவோர் சப்தர்ஜங் நிலையத்தில் இறங்கலாம். சாணக்யபுரி என்றே ஒரு சிறு நிறுத்தமும் உண்டு, ஆனால் வண்டிகள் மிகக் குறைவு. குளிர்காலத்தில் காலையிலேயே செல்வது நல்லது. குழந்தைகளுக்குச் சிறு ரயில் ஓட்டுகிறார்கள். ஞாயிறன்று வரிசை நீளமாக இருக்கும். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் டப்பா மூடிகளை எண்ணிக்கொண்டு திரும்பவும். நாம் வீட்டுக்கு வந்தபோது ஒரு மூடி குறைந்தது.